நிலவறையில் இருவர், வெளியே ஒருவர்

ஜான் ஃபவுல்ஸின் ‘தி கலெக்டர்’ பிடித்திருந்ததா என்று கேட்பவர்களுக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல எனக்கு இதுவரை முடிந்ததில்லை. 1963இல் வந்த அந்த நாவல்தான் அச்சில் வெளியான அவருடைய முதல் நாவல். ஓர் இளைஞன் ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டுவந்து நிலவறையில் அடைத்து வைக்கும் கதை. உளவியல் த்ரில்லர் என்ற பெயரில் இன்று வந்து குவியும் எத்தனையோ நாவல்களின் அச்சை அதில் பார்க்கலாம். கீழே வைக்க மனமில்லாமல் அதை வாசித்தேன் என்பது உண்மை. அப்படி வாசித்ததை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது என்பதும் உண்மை. இவை போதாதென்று, நாவலின் நடுப்பகுதியில் வரும் ஒரு மனிதர் மீது எனக்குத் தீராத எரிச்சல் இருக்கிறது. அவர் கடத்தல்காரர் அல்லர். கதையின் முடிவு வரை இங்கே பேசப் போகிறேன் என்பதால், இன்னும் வாசிக்காதவர்கள் வேண்டுமானால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் முடிவு தெரிந்துவிட்டால் சப்பென்று ஆகிவிடும் வகையைச் சேர்ந்த நாவல் இதுவன்று.

ஃபிரெடரிக் கிளெக் நகராட்சி அலுவலகத்தில் ஓர் எழுத்தர். சிறு வயதிலேயே தந்தை இறந்துபோக, தாய் விட்டுப் போக, அத்தையின் கண்டிப்பில் வளர்ந்தவன். பட்டாம்பூச்சிகளைப் பிடித்துப் பதப்படுத்திச் சேகரிப்பது அவனுடைய பொழுதுபோக்கு. அலுவலகத்துக்கு எதிரே குடியிருக்கும் மிராண்டா கிரே என்ற பெண்ணைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். தன் அவதானிப்புக் குறிப்பேட்டில், அவளைக் கண்ட நாள்களை முதலில் ‘எக்ஸ்’ என்றும், பெயர் தெரிந்த பிறகு ‘எம்’ என்றும் குறித்து வைக்கிறான். கால்பந்து ஆட்ட முடிவுகளைக் கணித்துப் பணம் கட்டும் பந்தயத்தில் அவனுக்கு 73,091 பவுண்டு பரிசு விழுகிறது. அத்தையையும் அத்தை மகளையும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டு, சசெக்ஸில் லூயிஸ் நகருக்கு அருகே, அக்கம்பக்கம் இல்லாத பழைய வீடு ஒன்றை வாங்குகிறான். லண்டனில் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் மிராண்டாவை ஒருநாள் குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கி வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறான்.

கடத்தலுக்கு முந்தைய அந்தப் பக்கங்கள்தாம் நாவலின் ஆகச் சிறந்த பகுதி என்பது என் எண்ணம். தான் திட்டமிட்டதாகக் கிளெக் எந்த இடத்திலும் ஒத்துக்கொள்வதில்லை. வீட்டை வாங்கும்போது அப்படியோர் எண்ணமே இல்லை என்கிறான். பிறகு நிலவறையின் உள்ளறையில் ஈரம் போக ஏற்பாடு செய்கிறான். கனமான கதவு போடுகிறான். அந்தக் கதவு வெளியே தெரியாமலிருக்க அலமாரித் தட்டுகளால் மறைக்கிறான். தரைவிரிப்பும் அறைகலன்களும் வாங்குகிறான். அவள் அளவை மனத்தில் வைத்து உடைகள் வாங்குகிறான். அவளுக்குப் பிடிக்கும் என்று ஓவியப் புத்தகங்களை வாங்கி அடுக்குகிறான். இவ்வளவையும் செய்துகொண்டே, இதெல்லாம் வெறும் கற்பனை விளையாட்டு, நிஜத்தில் நடக்கப் போவதில்லை என்று இடையிடையே சொல்லிக்கொள்கிறான். வாசிப்பவருக்குத் தெரிந்துவிட்ட ஒன்று அவனுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை, அல்லது தெரியாதவனைப் போல இருக்க அவன் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறான். குற்றவாளியின் மனத்துக்குள் நுழைந்து பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாவல்களில் பெரும்பாலும் வெறியும் பிதற்றலும்தான் கிடைக்கும். இங்கே கிடைப்பது வீடு பழுதுபார்க்கும் ஒருவனின் செலவுக் கணக்கு. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

அவனுடைய நடையும் அப்படிப்பட்டதே. கிளெக் சொல்லும் பகுதியில் உரையாடலுக்கு மேற்கோள் குறிகள் கிடையாது. அவள் கேட்பதும், இவன் சொல்வதும், இவன் மனத்துக்குள் நினைப்பதும் ஒரே ஓட்டத்தில், ஏற்ற இறக்கமில்லாத குரலில் வந்துகொண்டிருக்கின்றன. அவள் அழுதாலும் கத்தினாலும், அது அவனுடைய வாக்கியத்துக்குள் வந்து சேர்வதற்குள் சத்தம் வடிந்துபோகிறது. அலுவலகக் கடிதம் எழுதிப் பழகிய கையின் மரியாதை அவனிடம் இருக்கிறது. அவளை விருந்தாளி போல வைத்திருப்பதாக நம்புகிறான். கேட்டதையெல்லாம் வாங்கித் தருகிறான். தொடாமல் இருப்பதற்காகத் தன்னையே மெச்சிக்கொள்கிறான். இந்த இடத்தில் வேறொருவன் இருந்திருந்தால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று நமக்கு நினைவூட்டவும் அவன் தவறுவதில்லை. கதவைத் திறந்துவிடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சம்மதிக்கும் ஓர் அன்பை, ஒரு கண்டனச் சொல்கூடச் சேர்க்காமல், அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிடுகிறார் ஃபவுல்ஸ்.

தன் சேகரிப்பை அவளுக்கு அவன் பெருமையோடு எடுத்துக் காட்டும் காட்சி ஒன்று உண்டு. கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாகக் குத்தி வைத்த பட்டாம்பூச்சிகளைப் பார்த்தால் அவள் வியந்துபோவாள் என்று எதிர்பார்க்கிறான். எத்தனையைக் கொன்றிருக்கிறாய் என்று கேட்கிறாள். இதோ பார்த்தாலே தெரிகிறதே என்கிறான். அவள் எண்ணிக்கொண்டிருப்பவையோ அந்தப் பெட்டிகளுக்குள் இல்லை. இவற்றை உயிரோடு விட்டிருந்தால் இவற்றிலிருந்து பிறந்திருக்கக்கூடிய எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறாள். ஒரு டஜனைப் பிடித்துவிட்டால் ஓர் இனத்துக்கு என்ன குறைந்துவிடும் என்ற தொனியில் அவன் பதில் சொல்கிறான். கேள்வி எதைப் பற்றியது என்பதே அவனுக்கு எட்டவில்லை. மொத்த நாவலும் அந்தக் காட்சிக்குள் அடங்கிவிடுகிறது என்று சொல்லத் தோன்றும்; ஆனால் அந்தக் காட்சி அவ்வளவு கச்சிதமாக அமைந்திருப்பதே எனக்குச் சற்று உறுத்துகிறது. பட்டாம்பூச்சியும் பெண்ணும் என்ற உவமை முதல் பக்கங்களிலேயே நமக்குப் புரிந்துவிட்ட பிறகும், ஆசிரியர் அதை மறுபடியும் மறுபடியும் எடுத்துத் துடைத்து வைக்கிறார்.

என் கூச்சத்துக்குக் காரணம் இதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. மிராண்டா சும்மா இருப்பவள் அல்லள். குடல்வால் நோய் வந்ததுபோல் நடித்துப் பார்க்கிறாள், பெற்றோருக்கு எழுத அனுமதிக்கப்பட்ட கடிதத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டை ஒளித்து அனுப்பப் பார்க்கிறாள், சுவரைத் தோண்டுகிறாள், கோடரி கையில் கிடைத்தபோது அதைக் கொண்டு அவனைத் தாக்குகிறாள். ஒவ்வொரு முயற்சியின்போதும் அவள் தப்பிவிட வேண்டும் என்று மனம் பதைக்கிறது. அதே நேரத்தில் வலக்கையில் மீதிப் பக்கங்களின் கனம் தெரிகிறது. இவ்வளவு பக்கம் பாக்கியிருக்கும்போது அவள் தப்பியிருக்க மாட்டாள் என்று கணக்குப் போடும் மூளைக்குள், அவள் தப்பிவிட்டால் கதை முடிந்துபோகுமே என்ற ஓர் ஆசையும் கள்ளத்தனமாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற நம்முடைய ஆவலுக்குத் தீனி வேண்டுமென்றால் அவள் உள்ளே இருந்தாக வேண்டும். இந்த வகை நாவல்கள் எல்லாமே வாசகரின் இந்த ஆவலை வைத்துத்தான் பிழைக்கின்றன. ஃபவுல்ஸ் அதை நாம் உணரும்படி எழுதியிருக்கிறார். அது நேர்மையா, அல்லது அதே ஆவலைக் கொஞ்சம் கௌரவமான வழியில் விற்பதா என்பதில் எனக்கு இரண்டு மனம்.

முதல் பகுதி அவளுடைய சளியிலும் காய்ச்சலிலும் வந்து நிற்கிறது. அங்கே கதையை நிறுத்திவிட்டு, இரண்டாம் பகுதியில் ஃபவுல்ஸ் நம்மை அவளுடைய நாட்குறிப்புக்குள், சிறைப்பட்ட முதல் வாரத்துக்கே, திருப்பி அழைத்துப் போகிறார். நடந்தவற்றையே மறுபடி வாசிக்க வேண்டியிருக்கிறது. பொறுமை இழப்பவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள். எனக்கோ தொடக்கத்தில் அது பெரிய விடுதலையாக இருந்தது. கிளெக்கின் குரலில் அமுங்கிப்போயிருந்த உரையாடல்களை மிராண்டா நாடகப் பிரதியைப் போல, யார் பேசுவது என்று முதலெழுத்தைப் போட்டு, தனித்தனி வரிகளாக எழுதுகிறாள். ஒரே நிகழ்ச்சி இங்கே துள்ளுகிறது, கிண்டல் செய்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் மிராண்டா என்பவளின் காதலன் பெயர் ஃபெர்டினாண்ட்; தன்னை அந்தப் பெயரில் அறிமுகப்படுத்திக்கொண்டவனுக்கு அவள் அதே நாடகத்தில் வரும் முரட்டு அடிமையான காலிபனின் பெயரை வைக்கிறாள். முதல் பகுதியில் திமிராகவும் நடிப்பாகவும் நமக்குத் தெரிந்தவை, இருபது வயதுப் பெண்ணொருத்தி பயத்தை அடக்கிக்கொள்ளச் செய்தவை என்று இப்போது தெரிகிறது. அவன் கண்ணால் நாமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவள் முழுக்க நல்லவளாகவும் படைக்கப்படவில்லை. கிளெக்கின் பேச்சும் ரசனையும் அவன் வீட்டை அலங்கரித்திருக்கும் விதமும் அவளுக்கு அருவருப்பைத் தருகின்றன. புதிதாகப் பணம் கண்டவர்களைத் தனிச் சாதியாகவே பிரித்து வெறுக்கிறாள். ‘தி அரிஸ்டோஸ்’ என்ற தம் சிந்தனை நூலுக்குப் பின்னாளில் எழுதிய முன்னுரையில் ஃபவுல்ஸ் இதை வெளிப்படையாகவே விளக்குகிறார்: அறிவும் வாய்ப்பும் பெற்ற சிலருக்கும், அவை மறுக்கப்பட்ட பலருக்கும் இடையிலான மோதலை உருவகமாகக் காட்டவே இந்நாவலை எழுதியதாகவும், மோசமான கல்வியும் வறண்ட சூழலும் அநாதை நிலையும் சேர்ந்து உருவாக்கிய கிளெக் ஒருவகையில் குற்றமற்றவன் என்று நிறுவ முயன்றதாகவும், மிராண்டாவும் செருக்குப் பிடித்த மேட்டிமைக்காரிதான் என்றும் சொல்கிறார். எனக்கு இந்த விளக்கம் நாவலைவிடச் சிறியதாகப் படுகிறது. அநாதையாக வளர்ந்த எழுத்தர்கள் எத்தனையோ பேர் உண்டு; அவர்கள் நிலவறை கட்டுவதில்லை. செருக்குள்ள பெண்ணின் செருக்கையும், அவளைப் பூட்டி வைத்தவனின் செயலையும் ஒரே தராசில் வைப்பதற்கு நாவலாசிரியருக்கு உரிமை இருக்கலாம். வாசிக்கும் எனக்குத் தராசின் முள் அசையவே இல்லை. அதைவிட முக்கியமாக, நாவலுக்குள் இருக்கும் கிளெக்கிடம் முன்னுரையில் இருக்கும் கிளெக்கைவிடக் கூடுதல் உயிர் இருக்கிறது. அவன் எந்த வர்க்கத்துக்கும் பிரதிநிதியாக நிற்க மறுக்கிறான்.

இனி அந்த மனிதருக்கு வருகிறேன். நாட்குறிப்பின் பெரும்பகுதியை ஜி. பி. என்று மிராண்டா குறிப்பிடும் ஓவியர் ஜார்ஜ் பாஸ்டன் ஆக்கிரமித்துக்கொள்கிறார். அவளைவிட இருபது வயதுக்கும் மேல் மூத்தவர், மணமுறிவு கண்டவர், லண்டனில் தம் ஓவியக்கூடத்துக்கு வருபவர்களை முகத்தில் அடித்தாற்போல் பேசுவதையே நேர்மை என்று வைத்திருப்பவர். அவளை அங்கே அழைத்துப் போன சித்தியை மட்டம் தட்டுகிறார்; அவளுடைய வரைபடங்களைக் கூசாமல் நிராகரிக்கிறார்; அவளுடைய தோழியோடு படுக்கையைப் பகிர்ந்துகொள்கிறார். நிலவறைக்குள் இருந்தபடி மிராண்டா அவருடைய உபதேசங்களைப் பட்டியல் போடுகிறாள்: கலைஞன் என்பவன் தன் முழு இருப்பையும் கலைக்குக் கொடுக்க வேண்டும், எதையாவது படைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அரசியலில் இடதுசாரியாக இருக்க வேண்டும் என்று நீளும் விதிகள். ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வை வாசித்துவிட்டு, எம்மாவைத் தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். நாள் போகப் போக, அவரிடம் திரும்பிப் போக வேண்டும், அவரைத் திருமணம் செய்துகொள்ளக்கூட வேண்டும் என்ற முடிவுக்கு அருகே வருகிறாள். சிறைக்குள் அவள் முதிர்ச்சி அடைகிறாள் என்று நாவல் இதைத்தான் நமக்குக் காட்டுகிறது.

முதிர்ச்சியா இது? ஓர் ஆண் பூட்டி வைத்த அறைக்குள், இன்னோர் ஆண் வகுத்துத் தந்த விதிகளை மனப்பாடம் செய்வதை அப்படிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. கிளெக் அவளுடைய உடலை வைத்துக்கொள்ள விரும்புகிறான், அவள் என்ன நினைக்கிறாள் என்பதில் அவனுக்கு அக்கறை இல்லை. ஜி. பி. அவளுடைய ரசனையையும் மனச்சாட்சியையும் தம் அளவுக்கு வெட்டித் தைக்க விரும்புகிறார். அவருக்கு அவள் எதிர்காலத்தில் ஆகப்போகும் ஒரு நல்ல சரக்கு. முதலாமவனை ஃபவுல்ஸ் எக்ஸ்ரே எடுத்ததுபோல் காட்டிவிடுகிறார். இரண்டாமவர் வரும்போது அந்தக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார். ஜி. பி.யின் பேச்சில் இருக்கும் பல கருத்துகள் ஃபவுல்ஸ் தம் பெயரிலேயே வேறிடங்களில் எழுதியவற்றுக்கு நெருக்கமானவை என்பதால், இதை மிராண்டாவின் கண்மூடித்தனம் என்று மட்டும் தள்ளிவிடவும் முடியவில்லை.

ஆசிரியர் தெரிந்தேதான் இப்படி வைத்திருக்கிறார், இருவரும் சேகரிப்பவர்களே என்று வாசகர் தாமாகக் கண்டுகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார் என வாதாடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை நானும் ஏற்றுக்கொள்ள ஆசைப்பட்டேன், ஏனென்றால் அப்படியானால் நாவல் இன்னும் பெரிதாகிவிடும். ஆனால் பிரதிக்குள் அதற்கு ஆதாரம் மிகக் குறைவு. கிளெக் தன்னைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் அதை மறுக்கும் இன்னொரு வாக்கியம் நமக்குக் கேட்கிறது. ஜி. பி. பற்றிய பக்கங்களில் அப்படி ஒன்றும் கேட்பதில்லை. அவருடைய கொடுமைகளை மிராண்டா மன்னிக்கும்போது நாவலும் சேர்ந்தே மன்னித்துவிடுகிறது.

மூன்றாம் பகுதியில் கிளெக்கின் குரல் திரும்பி வருகிறது, என் சண்டையெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு வாயடைத்துப் போகிறது. மிராண்டாவுக்கு நிமோனியா முற்றிவிட்டது. மருத்துவரை அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். போகவும் செய்கிறான். காத்திருக்கும் அறையில் மற்ற நோயாளிகளோடு உட்காருகிறான். எல்லோரும் தன்னையே பார்ப்பதாக அவனுக்குப் படுகிறது. உட்கார முடியாமல் எழுந்து வெளியே வந்துவிடுகிறான். அவ்வளவுதான், ஓர் உயிர் போவதற்கு அந்த நாவல் கொடுக்கும் காரணம் அந்தச் சங்கோஜம். அந்தப் பக்கத்தில் இரத்தமில்லை, மிரட்டலில்லை. நாற்காலிகளும் இருமலும்தான் இருக்கின்றன. கொடூரங்களை வரிவரியாக விவரிக்கும் எந்த த்ரில்லரும் என்னை அந்தப் பக்கம் செய்ததுபோல் செய்ததில்லை. அவள் இறந்த பிறகு, தானும் விஷம் குடித்து அவளருகே கிடந்து காதலர்களைப் போல மடிவதாகக் கற்பனை செய்கிறான். அப்போதுதான் நாட்குறிப்பு அவன் கையில் கிடைக்கிறது. அவள் ஒருநாளும் தன்னை நேசிக்கவில்லை என்று வாசித்தறிந்ததும் சாகும் எண்ணத்தைக் கைவிடுகிறான். ஆப்பிள் மரங்களுக்கடியில் அவளைப் புதைக்கிறான். நாம் இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்த அதே நாட்குறிப்பை அவனும் வாசித்துவிட்டு, அதிலிருந்து அவன் எடுத்துக்கொண்டது அது மட்டும்தான்.

நான்காம் பகுதி மிகச் சிறியது. லூயிஸ் நகர் வூல்வொர்த்ஸ் கடையில் வேலை பார்க்கும் மரியன் என்ற பெண், பார்வைக்கு மிராண்டாவைப் போல இருக்கிறாள். முன்பு தகுதிக்கு மீறி ஆசைப்பட்டதுதான் பிழை, இம்முறை யார் எசமானன் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும் என்று யோசிக்கிறான். இதில் காதல் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கும் ஆர்வம்தான் என்கிறான். 1980களில் கலிஃபோர்னியாவில் பெண்களைக் கடத்திப் பதுங்கறையில் அடைத்துக் கொன்ற இருவரில் ஒருவன், தன் திட்டத்துக்கு மிராண்டாவின் பெயரையே வைத்திருந்தான் என்பது வழக்கில் வெளிவந்த செய்தி. இதற்காக நூலைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆயினும் அது தெரிந்த பிறகு கிளெக்கின் பகுதியை வாசிப்பது முன்போல் இல்லை. அடியில் ஒலிக்கும் அந்த மறுப்புக் குரல் சிலருக்குக் கேட்கவே கேட்காது என்பதும், மேலே ஓடும் குரலை அப்படியே தமக்குரியதாக எடுத்துக்கொள்ள ஆள் உண்டு என்பதும், மேற்கோள் குறிகளைக்கூட நீக்கிவிட்ட அந்தத் திறமையின் மறுபக்கம்.

1965இல் வில்லியம் வைலர் இந்நாவலைத் திரைப்படமாக எடுத்தார். டெரன்ஸ் ஸ்டாம்ப், சமந்தா எக்கர் இருவருக்கும் கான் திரைப்பட விழாவில் நடிப்புக்கான பரிசுகள் கிடைத்தன. ஜி. பி. பாத்திரத்துக்காக எடுக்கப்பட்ட காட்சிகள் படத்திலிருந்து வெட்டப்பட்டன. அவர் போனதோடு நாட்குறிப்பும் போயிற்று. என் மனக்குறை தீர்ந்துவிட்டது என்றுதான் அந்தப் படத்தைப் பார்க்கும்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எக்கர் எவ்வளவு நன்றாக நடித்தும், அந்த மிராண்டா நமக்குக் கிடைப்பது நிலவறைக் கதவு திறக்கும் நேரங்களில் மட்டும்தான். அவன் இல்லாதபோது அவள் என்ன நினைத்தாள், யாரை ஏசினாள், எந்தப் புத்தகத்தைப் பாதியில் தூக்கிப் போட்டாள் என்பது ஒன்றுமே தெரிவதில்லை. ‘சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்’ நாவலின் நாயகனை அவள் காரணம் சொல்லி வெறுக்கும் பக்கம், கிளெக்குக்குக் கலை கற்பிக்க முயன்று தோற்கும் பக்கங்கள், இறுதி நாள்களில் வாக்கியங்கள் சிதறத் தொடங்கும் பக்கங்கள் எல்லாம் ஜி. பி.யைப் பற்றிய அதே நாட்குறிப்பில்தான் இருக்கின்றன. அவருடைய விதிகளை அவள் எழுதி வைக்கும் இடத்தில்கூட, சிலவற்றுக்குப் பக்கத்தில் அவள் தயங்குகிறாள், அவருடைய ஓவியங்களில் எது தேறும் என்று தானே தீர்ப்புச் சொல்லிப் பார்க்கிறாள். நாவலை மீண்டும் எடுக்கும்போது ஜி. பி. வரும் பக்கங்களைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்துத்தான் எடுக்கிறேன். அந்தத் தயக்கங்கள் எங்கே வருகின்றன என்று நினைவில் இல்லாததால், அவரையும் சேர்த்தே வாசிக்க வேண்டியதாகிவிடுகிறது.